45 டிகிரி வால்: வார்பர்க்கை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

உப்புப்பாலம் · 09.01.2024, மாலை 6.12

என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் ஆக்சைடு) மின்முனை, எதிரே லித்தியம் தகடு, காயின் செல். 100 கிலோஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 10 மில்லிஹெர்ட்ஸ் வரை இஐஎஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் செல்லோட இம்பிடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான தடையை அளக்கிறது) எடுத்தேன், 10 மில்லிவோல்ட் அலை. நைக்விஸ்ட் படத்துல (மெய்ப் பகுதி கிடையா, கற்பனைப் பகுதி செங்குத்தா) கொஞ்சம் நசுங்கின அரைவட்டம், அதுக்குப் பின்னாடி 45 டிகிரியில ஒரு வால். பாடத்துல இருக்கிற மாதிரியே வந்துடுச்சேன்னு சந்தோஷம். ஃபிட் பண்ண உட்கார்ந்ததும் போச்சு. மென்பொருள்ல வார்பர்க் (விரவலுக்கு, அதாவது டிஃப்யூஷனுக்குப் போடுற சுற்று உறுப்பு) மூணு வகை இருக்கு: முடிவிலி, திறந்த முனை, மூடிய முனை. மூணுமே ஒட்டுது. கை-ஸ்கொயர் (ஃபிட்டுக்கும் தரவுக்கும் உள்ள விலகல்) மூணுலயும் 10⁻⁴ பக்கம். திறந்த முனை போட்டா டௌன்னு ஒரு எண் (விரவலுக்கு ஆகுற நேரம்) தருது, அதோட பிழை 300 சதவீதத்துக்கும் மேல. கைடு, "எதுல கை-ஸ்கொயர் கம்மியோ அதைப் போடு, விரவல் குணகம் கணக்குப் போட்டு டேபிள்ல வை"ங்கிறார். லேப் சீனியர், "சிபிஇ (எந்த அதிர்வெண்ணிலும் கோணம் மாறாத உறுப்பு) போட்டு அதோட அடுக்கை 0.5ல பூட்டிடு, எல்லாம் ஒண்ணுதான்"ங்கிறார். யார் சொல்றது சரி?

பழைய மின்முனை · 09.01.2024, இரவு 9.40

மூன்றும் ஒட்டாமல் என்ன செய்யும்? வால் எங்கேயும் வளையவில்லையே. மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசமே வளைவில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். துகளின் ஆரம் 5 மைக்ரோமீட்டர் என்று வைப்போம், திண்மத்துக்குள் லித்தியத்தின் விரவல் குணகம் வினாடிக்கு 10⁻¹⁴ சதுர மீட்டர் என்று வைப்போம். டௌ என்பது நீளத்தின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுத்தால் வருவது: 2500 வினாடி. அதற்குரிய அதிர்வெண் 0.06 மில்லிஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் ஒரே ஒரு அலை முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் 10 மில்லிஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டீர்கள். அங்கே செறிவு அலை துகளுக்குள் நுழையும் ஆழம் சுமார் 0.4 மைக்ரோமீட்டர். 5 மைக்ரோமீட்டர் துகளில் 0.4.

கொண்டைக்கடலையை ஊறப்போட்டுப் பத்து நிமிஷத்தில் எடுத்துப் பாருங்கள். தோல் நனைந்திருக்கும். உள்ளே பருப்பு பெரிதா சிறிதா என்று அந்த நனைந்த தோலை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் டௌவின் பிழை 300 சதவீதம் வருவதும் அதனால்தான். மென்பொருள் உண்மையைத்தான் சொல்கிறது.

பழைய மின்முனை · 09.01.2024, இரவு 10.25

இன்னும் இறுக்கிச் சொல்கிறேன். வால் நேராக இருக்கும் பகுதியில் திறந்த முனை, மூடிய முனை இரண்டின் சூத்திரமும் ஒரே உருவத்துக்கு வந்துவிடும்: விரவல் தடையை, ஜே-ஒமேகா-டௌவின் (ஜே கற்பனை அலகு, ஒமேகா கோண அதிர்வெண்) வர்க்கமூலத்தால் வகுத்தது. ஆக, தரவில் ஒளிந்திருப்பது ஒரே எண், "விரவல் தடை ÷ √டௌ". அதை நீங்கள் இரண்டு அளபுருவாகப் பிரிக்கச் சொன்னால் மென்பொருள் ஒன்றைக் கூட்டி மற்றதையும் கூட்டிச் சமன்செய்துகொண்டே போகும். ஃபிட் அறிக்கையில் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு எண்ணைத் திறந்து பாருங்கள், 0.99க்கு மேல் இருக்கும்.

சீனியர் சொன்ன 0.5ல் பூட்டிய சிபிஇ, கணக்கு வழியில் முடிவிலி வார்பர்க்கேதான். அதில் தப்பில்லை. ஆனால் அடுக்கை அவிழ்த்துவிட்டு 0.43 என்றோ 0.57 என்றோ வந்தபின், அதை வார்பர்க் என்று பெயரிட்டு விரவல் குணகத்துக்கு மாற்றக்கூடாது. அடுக்கு 0.5 இல்லையென்றால் அந்த சூத்திரத்துக்கு அங்கே வேலையில்லை.

கைடு சொன்ன கை-ஸ்கொயர் பற்றி நாளை. அதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, தூங்கி எழுந்தால் குறையும்.

பழைய மின்முனை · 10.01.2024, காலை 7.05

குறையவில்லை. கை-ஸ்கொயர் சொல்வது வளைகோடு புள்ளிகளுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்பதை மட்டும். சுற்றில் ஒரு உறுப்பைக் கூட்டினால் அது எப்போதும் இறங்கும். செல்லுக்குள் நடப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. ஒரு உறுப்பைச் சுற்றில் வைக்கும் முன் எல்லையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அயனி போய்ச் சேரும் அந்தக் கடைசியில் சுவரா (திறந்த முனை), செறிவு மாறாத தேக்கமா (மூடிய முனை), அலை எட்டாத தூரமா (முடிவிலி)? துகளின் மையத்தில் லித்தியம் வெளியேற வழி கிடையாது, அதனால் அங்கே திறந்த முனை. சுழல்தட்டு மின்முனையில் கரைசலின் ஓட்டம் ஒரு தூரத்துக்கப்பால் செறிவை மாறாமல் வைத்திருக்கும், அதனால் மூடிய முனை. இதைப் பரிசோதனையின் அமைப்புதான் முடிவு செய்யும். ஃபிட் முடிவு செய்யாது.

உப்புப்பாலம் · 10.01.2024, காலை 10.30

அக்கா, ஒரு அடிப்படைச் சந்தேகம். ஏன் சரியா 45? 40ஓ 50ஓ ஏன் இல்லை?

பழைய மின்முனை · 10.01.2024, இரவு 8.50

நல்ல கேள்வி. இதைச் சொல்லாமலேயே எத்தனை வகுப்பில் சூத்திரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போகிறார்கள்.

கரைசலை மெல்லிய அடுக்குகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் அயனியைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளும், மிச்சத்தைத் தடையோடு அடுத்த அடுக்குக்கு விடும். சுற்றாக வரைந்தால் ஒரு ஏணி: மேல் கம்பியில் சின்னச் சின்ன மின்தடைகள், ஒவ்வொரு படியிலும் கீழ்நோக்கி ஒரு மின்தேக்கி. ஏணி முடிவில்லாமல் போகிறது. முடிவில்லாத ஏணியின் முன்னால் இன்னொரு படியைச் சேர்த்தாலும் அதன் இம்பிடன்ஸ் மாறக்கூடாது, இல்லையா? இந்த ஒரு நிபந்தனையை எழுதினாலே போதும். படிகளைப் பொடிப்பொடியாக ஆக்கும்போது, மொத்த இம்பிடன்ஸின் வர்க்கம் = தொடர் மின்தடை × கிளை மின்தேக்கியின் இம்பிடன்ஸ் என்று வரும். மின்தடையின் கோணம் 0, மின்தேக்கியின் கோணம் −90. பெருக்கினால் −90. வர்க்கமூலம் எடுத்தால் பாதி. எந்த அதிர்வெண்ணிலும் −45, எந்த உலோகமானாலும், எந்த உப்பானாலும்.

எமில் வார்பர்க் இதை 1899லேயே எழுதிவிட்டார், மாறுமின்னோட்டத்தில் மின்முனைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கட்டுரையில். அதை மின்னூட்ட மாற்றத் தடையோடும் இரட்டை அடுக்கு மின்தேக்கியோடும் சேர்த்து, இன்று நாம் எல்லோரும் வரையும் சுற்றாக ஆக்கியவர் ராண்டில்ஸ், 1947ல். அதே ஆண்டில் சோவியத் பக்கம் எர்ஷ்லரும் தனியாக அதே இடத்துக்கு வந்தார்.

பழைய மின்முனை · 10.01.2024, இரவு 9.30

ஏணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏணியை மின்வேதியியலாளர்களுக்கு முன்பே கணக்குப் போட்டவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1855ல், கடலடித் தந்திக் கம்பிக்காக. செப்புக் கம்பியின் தடை, சுற்றியுள்ள காப்பின் மின்தேக்கம். அதே ஏணி, அதே விரவல் சமன்பாடு. அவர் கண்டது: சமிக்ஞை போய்ச் சேரும் தாமதம் கம்பி நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இரு மடங்கு, தாமதம் நாலு மடங்கு. நம் டௌவில் நீளம் வர்க்கமாக உட்கார்ந்திருப்பதும் இதேதான். ஒயிட்ஹவுஸ் என்பவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்தான் அட்லாண்டிக் கம்பெனியின் மின்பொறியாளர். 1858ல் கம்பி போட்டார்கள். விக்டோரியா அரசியின் வாழ்த்து 98 சொல், போய்ச் சேரப் 16 மணி நேரம். அதற்குக் காப்பு மோசமாக இருந்ததும் காரணம். வேகம் வேண்டுமென்று ஒயிட்ஹவுஸ் 2000 வோல்ட் அளவுக்கு ஏற்றினார், சில வாரங்களில் கம்பி செத்தது.

கம்பிக்குள் மின்னூட்டம் விரவுவதும் துகளுக்குள் லித்தியம் விரவுவதும் ஒரே கணக்கு என்பதால்தான் சமானச் சுற்று என்கிற வேலையே நடக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கு என்பதாலேயே, படத்தைப் பார்த்து எது நடக்கிறது என்று சொல்லவும் முடியாது. இதற்குத் திரும்ப வருவேன்.

ஃபர்ம்வேர் பையன் · 11.01.2024, காலை 11.15

நான் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை) மென்பொருள் எழுதுறவன். எங்க மைக்ரோகன்ட்ரோலர்ல வார்பர்க் சூத்திரத்துல வர்ற டான்எச் (மூடிய முனை), காட்எச் (திறந்த முனை) எல்லாம் ஓடாது. ரெண்டு ஆர்சி ஜோடி (பக்க இணைப்புல ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி) போட்டு முடிச்சிடுவோம். வண்டி ஓடுது. இவ்வளவு தேவையா?

பழைய மின்முனை · 11.01.2024, இரவு 9.10

வண்டி ஓடும். ஆனால் உங்கள் இரண்டு ஜோடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அளபுருக்களை இன்னும் குறைவாக வைத்தே ஓட்டலாம்.

திறந்த முனை வார்பர்க்கை அப்படியே ஆர்சி ஜோடிகளின் தொடராக விரித்து எழுதலாம். முதலில் ஒரு தனி மின்தேக்கி, மதிப்பு டௌ ÷ விரவல் தடை. அதன் பின்னால் ஆர்சி ஜோடிகள். எல்லா ஜோடியிலும் மின்தேக்கி ஒரே மதிப்பு, முதல் மின்தேக்கியில் சரிபாதி. மின்தடை மட்டும் 1, 1/4, 1/9, 1/16 என்று இறங்கும். முதல் ஜோடியின் தடை, விரவல் தடையை 2 ÷ பையின் வர்க்கத்தால் பெருக்கியது, அதாவது சுமார் 0.2 பங்கு. எல்லா ஜோடியையும் கூட்டினால் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஐந்து ஜோடி போட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கில் 89 சதவீதம் கையில் வந்துவிடும். மிச்சத்தை ஒரு வெறும் மின்தடையாகத் தொடரில் வைத்துவிடுங்கள்.

ஆக ஐந்து ஜோடிக்குப் பத்து அளபுரு வேண்டியதில்லை. இரண்டே இரண்டு: விரவல் தடை, டௌ. மிச்சமெல்லாம் அவற்றிலிருந்து வரும். என் உதாரணத்தில் (டௌ 2500 வினாடி) நேர மாறிலிகள் 253, 63, 28 வினாடி என்று போகும். ஓய்வில் விட்ட செல்லின் வோல்டேஜ் முதலில் வேகமாகவும் பிறகு இழுத்து இழுத்தும் ஏறுவது இதனால்தான். ஒரே ஒரு ஆர்சி போட்டவர்கள், பத்து நிமிஷ ஓய்வில் சரியாகவும் இரண்டு மணி நேர ஓய்வில் தப்பாகவும் கணிப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. இப்படி விரித்த ஜோடிகளில் முதலாவதற்கு "எஸ்இஐ" (மின்முனைமேல் படியும் படலம்), இரண்டாவதற்கு "மின்னூட்ட மாற்றம்", மூன்றாவதற்கு "விரவல்" என்று பெயர் ஒட்டி வரும் ஸ்லைடுகள். எல்லாமே ஒரே விரவலின் துண்டுகளாக இருக்கலாம்.

கோளவிரும்பி · 12.01.2024, காலை 9.00

துகள் உருண்டை. நீங்க போட்ட காட்எச் தட்டைப் படலத்துக்கு உள்ளது. மூன்றில் ஒன்று இல்லை, ஐந்தில் ஒன்று.

பழைய மின்முனை · 12.01.2024, மதியம் 1.20

உண்மை. தட்டையை வேண்டுமென்றேதான் எடுத்தேன், ஃபர்ம்வேர்காரருக்கு விரித்துக் காட்ட அதுதான் சுலபம். ஹோ, ரெய்ஸ்ட்ரிக், ஹக்கின்ஸ் 1980ல் டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தில் லித்தியம் விரவுவதை இப்படி அளந்தபோது அங்கே நிஜமாகவே தட்டைப் படலம் இருந்தது. பொடியால் செய்த மின்முனைக்கு உருண்டைச் சூத்திரம்தான் பொருத்தம். தாழ் அதிர்வெண்ணில் அது காட்டும் தடை, தட்டைக்கு 1/3, உருளைக்கு 1/4, உருண்டைக்கு 1/5. மிக மெதுவான நேர மாறிலியும் மாறும்: தட்டையில் டௌவைப் பையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், உருண்டையில் சுமார் 20.2ஆல். 2500 வினாடி டௌவுக்கு 253க்குப் பதில் 124 வினாடி.

ஆனால் உப்புப்பாலம் தம்பியின் வாலில் இது எதுவும் தெரியாது. 0.4 மைக்ரோமீட்டர் ஆழத்தில் பூமியும் தட்டைதான். வளைவு தெரியும் இடத்துக்குப் போனாலும், எல்லாத் துகளும் ஒரே அளவில் இருக்காது. சிறியது சீக்கிரம் வளையும், பெரியது தாமதமாக. சேர்ந்து வரும்போது முழங்கால் (வால் நிமிரத் தொடங்கும் இடம்) மழுங்கிவிடும். மழுங்கியதைச் சிபிஇ போட்டுச் சரிசெய்வார்கள், அடுக்கு 0.9 வரும், அதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதுவார்கள்.

பழைய மின்முனை · 13.01.2024, மாலை 5.45

எப்போதாவது வார்பர்க்கை முழுசாக நம்பியதுண்டா என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர். உண்டு. சுழல்தட்டு மின்முனையில்.

பிளாட்டினம் தட்டு, கரைசலில் ஃபெர்ரி-ஃபெர்ரோசயனைடு, மேலே நிறைய பொட்டாசியம் குளோரைடு. நிமிஷத்துக்கு 1600 சுற்று. லெவிச் சூத்திரப்படி விரவல் அடுக்கு சுமார் 11 மைக்ரோமீட்டர். விரவல் குணகம் 0.7 × 10⁻⁹ சதுர மீட்டர்/வினாடி என்று வைத்தால் டௌ 0.17 வினாடி. மூடிய முனை வார்பர்க் தன் வாலை வளைத்துக் கீழே இறங்கி அச்சைத் தொடும், அந்த வளைவின் உச்சி ஒமேகா-டௌ 2.54 ஆகும் இடத்தில். கணக்கில் 2.3 ஹெர்ட்ஸ். படத்தில் அதற்குப் பக்கத்திலேயே வந்தது. ஆனால் நம்பியது அதற்காக இல்லை. வேகத்தை 400 சுற்றாகக் குறைத்தேன். விரவல் அடுக்கு இரு மடங்காக வேண்டும், டௌ நாலு மடங்காக வேண்டும், உச்சி 0.6 ஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும். போனது. முன்னால் இருக்கும் மின்னூட்ட மாற்ற அரைவட்டம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஒரு உறுப்புக்குப் பெயர் சூட்டும் முன் கேட்க வேண்டியது இதுதான்: எதை மாற்றினால் இது மட்டும் மாறும், எவ்வளவு மாறும்? அப்படித் திருப்பிப் பார்க்க ஒரு குமிழ் கையில் இல்லாத ஃபிட்டை நான் அலங்காரம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

பழைய மின்முனை · 13.01.2024, இரவு 10.10

"திரும்ப வருவேன்" என்றேனே, அது.

45 டிகிரி வால் வந்தால் விரவல் என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. கிளர்வூட்டிய கரி, சூப்பர்கெப்பாசிட்டர், உயர் அதிர்வெண்ணில் குட்டியாக ஒரு 45 டிகிரிக் கோடு, பிறகு செங்குத்தாக மேலே. அந்தக் கோட்டுக்கு வார்பர்க் போட்டு, அயனியின் விரவல் குணகம் என்று ஓர் எண்ணை மூன்று தசம இடத்தோடு கொடுத்திருந்தார்கள்.

அங்கே செறிவு வேறுபாட்டால் எதுவும் விரவவில்லை. கரியின் நுண்துளைக்குள் மின்பகுளி நீளமான மெல்லிய கம்பிபோல நிற்கிறது, அதற்கு ஒரு அயனித் தடை. துளையின் சுவர் நெடுக இரட்டை அடுக்கு மின்தேக்கம். மறுபடியும் அதே ஏணி, தந்திக் கம்பி. டி லெவி 1963லேயே இதை எழுதிவிட்டார். துளை முழுவதும் மின்னூட்டம் ஏறியதும் கோடு நிமிரும். அந்த 45 டிகிரிப் பகுதி மெய் அச்சில் பிடிக்கும் நீளம், அயனித் தடையில் மூன்றில் ஒரு பங்கு. காட்எச்சில் வந்த அதே 1/3.

இதை உருப்படியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. மியூனிக்கில் காஸ்டைகர் குழு, லித்தியம் உள்ளே போக முடியாத நிலையில் வைத்து ஒரே மாதிரியான இரு மின்முனைகளை எதிரெதிரே கோத்து, அந்த மூன்றில் ஒரு பங்கை அளந்து, மின்முனையின் துளைகள் எவ்வளவு சுற்றுவழியாக ஓடுகின்றன என்று 2016ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அங்கே அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. விரவலை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள்.

துளைக்குள் இந்த ஏணியும் நடந்து, துளையின் சுவரில் விரவலும் நடந்தால் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், கோணம் 22.5. கண்டால் பயப்பட வேண்டாம்.

உப்புப்பாலம் · 14.01.2024, மதியம் 12.40

அக்கா, நான் போட்டது கண்ணாடி இழைப் பிரிப்பான். அழுத்தினப்புறம் கால் மில்லிமீட்டர் இருக்கும். சொல்ல விட்டுப்போச்சு. இது முக்கியமா?

பழைய மின்முனை · 14.01.2024, மதியம் 12.55

தம்பி!

பழைய மின்முனை · 14.01.2024, மாலை 4.30

பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் இதற்கு உட்கார வைத்துவிட்டீர்கள். முதல் நாள் நான் வாலைத் துகளின் தோல் என்று எடுத்துக்கொண்டேன். பிரிப்பான் இவ்வளவு தடிமன் என்றால் கதை வேறு.

மின்னோட்டம் போகும்போது திரவத்துக்குள்ளும் உப்பின் செறிவு ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். நடுக்கோட்டில் மாறாது. எனவே பாதித் தடிமன்தான் நீளம்: 125 மைக்ரோமீட்டர். கார்பனேட் கரைப்பானில் லித்தியம் உப்பின் விரவல் குணகம் சுமார் 3 × 10⁻¹⁰. டௌ 52 வினாடி. இது மூடிய முனை வகை, உச்சி 2.54ல். போட்டுப் பாருங்கள்: 8 மில்லிஹெர்ட்ஸ். இழைகளுக்கு நடுவே சுற்றிப் போவதைச் சேர்த்தால் இன்னும் கீழே.

நீங்கள் 10 மில்லிஹெர்ட்ஸில் நிறுத்தினீர்கள். வளைவு தொடங்கும் வாசலில். உங்கள் அழகான 45 டிகிரியில் ஒரு பெரும்பங்கு பிரிப்பானில் இருக்கும் திரவத்துடையதாக இருக்கலாம், என்எம்சிக்குச் சம்பந்தமே இல்லாமல். 25 மைக்ரோமீட்டர் பாலிமர் பிரிப்பான் போட்டு அதே செல்லைக் கட்டிப் பாருங்கள். திரவத்தின் டௌ அரை வினாடிக்கு வந்துவிடும், அதன் தடையும் பத்தில் ஒன்றாகும்.

ஃபர்ம்வேர் பையன் · 16.01.2024, காலை 10.00

அலையை 10 மில்லிவோல்ட்ல ஏன் வைக்கணும்? 50 வெச்சா இரைச்சல் குறையுமே.

பழைய மின்முனை · 16.01.2024, இரவு 8.15

குறையும். ஆனால் 25 டிகிரியில் வெப்ப வோல்டேஜ் 25.7 மில்லிவோல்ட். மின்முனை வினை அதன்மேல் அடுக்குக்குறியாகத் தொங்குகிறது. அலை அதைத் தாண்டினால் நேர்கோட்டுத்தனம் போய்விடும், மேல் பாதியும் கீழ் பாதியும் சமமாக இருக்காது, சராசரியில் ஒரு நேர்மின் நகர்வு எஞ்சும். இந்த நகர்வையே 1950 வாக்கில் ஒரு விளைவாகக் கண்டு எழுதியவர்கள் கே. எஸ். ஜி. தாஸும் எச். பி. அகர்வாலும். தாஸ் பின்னால் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். பிழை என்று நாம் ஒதுக்குவதிலிருந்து அவர்கள் வினை வேகத்தைப் படித்தார்கள்.

தாழ் அதிர்வெண்ணில் எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி, செல் ஓய்வுக்கு வராமலேயே அளப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு வினாடிக்கு மேல். அதற்குள் வோல்டேஜ் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த நகர்வும் வால் மாதிரியே தோன்றும். கிராமர்ஸ்-க்ரோனிக் சோதனை (தரவு தனக்குள்ளேயே ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) போடாமல் ஃபிட் செய்ய உட்காராதீர்கள். பூக்காம்ப் 1995ல் கொடுத்த நேரியல் முறையே போதும், அதுவும் ஆர்சி ஜோடிகளின் வரிசைதான். நகர்வை அது பிடித்துக் கொடுத்துவிடும். அலை பெரிதாகிப்போன கோளாறைப் பல நேரம் பிடிக்காது. அதற்கு 5, 10, 20 மில்லிவோல்ட் என்று மாற்றிப் போட்டு மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்ப்பதே வழி.

பழைய மின்முனை · 17.01.2024, காலை 6.50

பரப்பளவு பற்றி யாருமே கேட்கவில்லை. வார்பர்க் குணகத்திலிருந்து விரவல் குணகம் எடுக்கும் சூத்திரத்தில் பரப்பளவு வர்க்கமாக வரும். பெரும்பாலோர் காயின் தகட்டின் வட்டப் பரப்பைப் போடுகிறார்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் என்எம்சி, ஆரம் 5 மைக்ரோமீட்டர், அடர்த்தி 4.7. துகள்களின் மொத்தப் பரப்பு அந்த ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் சுமார் 13 சதுர சென்டிமீட்டர். வர்க்கம் எடுத்தால் 160 மடங்குக்கு மேல். ஒரே தரவு, இரண்டு பரப்பளவு, விரவல் குணகத்தில் இரண்டு தசம வரிசை வித்தியாசம்! தாள்களில் ஒரே பொருளுக்குப் பத்தாயிரம் மடங்கு வித்தியாசத்தில் எண்கள் கிடப்பதில் பாதி இதனால் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, சமநிலை வோல்டேஜின் சரிவு. லித்தியம் அளவு மாறும்போது வோல்டேஜ் எவ்வளவு மாறுகிறது என்பதும் அந்தச் சூத்திரத்தில் வர்க்கமாக உண்டு. என்எம்சியில் சரிவு இருக்கிறது, பிழைத்தீர்கள். எல்எஃப்பியின் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வோல்டேஜ் சமவெளியில் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், அங்கே விரவல் குணகம் திடீரென்று பாதாளத்துக்குப் போகும், "இருகட்டப் பகுதியில் விரவல் மெதுவாகிறது" என்று ஒரு வாக்கியம் எழுதப்படும். வெப்னரும் ஹக்கின்ஸும் 1977ல் கொடுத்த மின்துடிப்பு முறைக்குப் போனாலும் நீளமோ பரப்போ தெரிந்தாக வேண்டும். தப்பிக்க வழியில்லை.

உப்புப்பாலம் · 22.01.2024, இரவு 7.30

பாலிமர் பிரிப்பான் போட்டு எடுத்தேன் அக்கா. வால் ரொம்பக் குட்டையாயிடுச்சு. 10 மில்லிஹெர்ட்ஸ்ல கற்பனைப் பகுதி முன்ன இருந்ததுல பாதிகூட இல்லை. கோணமும் 45 இல்லை, கீழ்க்கோடியில 60 கிட்ட நிமிருது. கிராமர்ஸ்-க்ரோனிக் பாஸ். கைடு படத்தைப் பார்த்துட்டு, "முன்னாடி எடுத்ததுதான் நல்லா இருந்தது"ன்னார்.

பழைய மின்முனை · 22.01.2024, இரவு 9.20

இப்போதுதான் என்எம்சி பேசத் தொடங்கியிருக்கிறது. 5 மைக்ரோமீட்டர் துகள் 10 மில்லிஹெர்ட்ஸில் நிமிர்ந்தால், என் 10⁻¹⁴ மிகவும் குறைவு என்று கொள்ளலாம். அல்லது நீளம் 5 மைக்ரோமீட்டரே இல்லை என்று கொள்ளலாம். எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். நீங்கள் உருண்டை என்று பார்ப்பது அநேகமாக நுண்மணிகள் கூடிய கொத்து. மணிகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே இருக்கும், சார்ஜ் ஏற்றி இறக்கும்போது கொத்து விரியும், விரிசலுக்குள் மின்பகுளி போகும். அப்போது விரவல் தூரம் கொத்தின் ஆரமா, மணியின் ஆரமா? ஃபிட்டிலிருந்து நேராகக் கிடைப்பது விரவல் குணகம் ÷ நீளத்தின் வர்க்கம் மட்டும். அதை அப்படியே அட்டவணையில் போடுங்கள், ஒவ்வொரு சார்ஜ் நிலைக்கும். கைடு விரவல் குணகத்தைக் கட்டாயம் கேட்டால், எந்த நீளத்தை வைத்தீர்கள் என்று அதே அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

புதிய செல்லில் ஒரு தடவை, ஐம்பது சுழற்சிக்குப் பின் ஒரு தடவை எடுங்கள். விரிசல் காரணமென்றால் முழங்கால் உயர் அதிர்வெண் பக்கம் நகர வேண்டும். கூடவே 1 மில்லிஹெர்ட்ஸ் வரை இறங்குங்கள், ஒரு அலைக்கு 1000 வினாடி. அப்படி இரவெல்லாம் ஓடவிட்டால் அறை வெப்பநிலை மாறும். உங்கள் செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, வெப்பநிலைப் பெட்டிக்குள்ளா, ஏசிக்கு நேர் கீழே மேஜை மேலா?

உப்புப்பாலம் · 22.01.2024, இரவு 9.26

மேஜை மேல. ஏசி ஆறு மணிக்கு ஆஃப் பண்ணிடுவாங்க.